இரண்டேகால் நட்சத்திரம்

தாடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன, அந்தப் பெண் ரிசாகோ ஒவ்வொரு தடவை மல்லாந்து விழும்போதும் தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறதா இல்லையா, எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஒட்டியிருந்தால் பின்மண்டை தரையில் மோதாது, மோதாவிட்டால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜப்பான் பெண்களின் மல்யுத்தம் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிறவன் நான், எனக்கு இதுகூடத் தெரியாதா. இப்போது உறையூரில் பகல் பதினொன்று நாற்பது, அங்கே நகோயாவில் மூன்று பத்து. சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப், பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, சிவப்புப் பேனா. சமையலறையில் மங்கை சங்கரா மீனைக் குழம்பில் போட்டுவிட்டாள், வாசனை வருகிறது, மற்ற ஞாயிறு என்றால் இந்நேரம் எழுந்து போய் ஒரு துண்டு கேட்டிருப்பேன். இன்றைக்கு நாற்காலியை விட்டு எழவில்லை. ரிசாகோ கயிற்றுக்கு அடியில் குனிந்து மேடை ஏறுகிறாள், பச்சை உடுப்பு, இருபத்து மூன்று வயது, நம் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினால் பத்தாம் வகுப்பு என்பார்கள். நாலு பக்கத்திலிருந்தும் பச்சைக் காகித ரிப்பன்களை வீசுகிறார்கள், அது அங்கே ஒரு மரியாதை, அவள் நாலு பக்கமும் திரும்பி இடுப்பு வளைய வணங்குகிறாள். எதிரே பட்டத்தோடு நிற்கிற ஓனிசுகாவுக்கு முப்பத்தெட்டு வயது, அவளுடைய ஒரு தொடை இவளுடைய இடுப்பு அளவு. முப்பது நிமிட ஆட்டம். மணி அடித்துவிட்டார்கள். முப்பது நிமிடம் நான் எப்படி உட்கார்ந்திருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது, வாய்கூட இல்லை, கையால். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், அது பரவாயில்லை, கெட்டால் அதுதானே கெடும், என் எழுத்தால் கெடப்போவது எங்கேயோ இருக்கிற இன்னொருத்தி. இருபத்தொரு நாளைக்கு முன்னால் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் மூன்றரை என்று எழுதினேன். நியாயமான மார்க். அதை இணையத்தில் ஏற்றப் போகும்போது கை நின்றது. இவளுக்குத் திறமை இருக்கிறது, மூன்றரை போட்டால் இதுவே போதும் என்று உட்கார்ந்துவிடுவாள் என்று பட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு, அரையாண்டுத் தேர்வில் இறுக்கித் திருத்தினால்தான் பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகள் முழித்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து அந்தச் சட்டத்தை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. மூன்றரையை அடித்துவிட்டு இரண்டேகால் போட்டேன். போட்டதோடு விட்டேனா, காரணம் வேறு எழுதினேன். இந்தப் பெண் விழும்போதெல்லாம் தாடையை நெஞ்சில் பூட்டிக்கொள்கிறாள், வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆளைப் போல விழுகிறாள், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு நொடிகூட எனக்குப் பயம் வரவில்லை, பயம் வராத இடத்தில் எனக்கு நம்பிக்கையும் வரவில்லை. எவ்வளவு அழகான வாக்கியம் என்று அன்றைக்கு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன், அடச்சீ. நான் எழுதுவதைப் படிக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் அறுபது பேர் தேற மாட்டார்கள். அதில் ஒருவர் நகோயாக்காரர், அவர் என் இங்கிலீஷை ஜப்பானிய மொழியில் பெயர்த்து அவளுடைய இணையப் பக்கத்திலேயே கொண்டுபோய் ஒட்டிவிட்டார். மறுநாள் அவளே பதில் எழுதினாள். படித்தேன், நீங்கள் சொன்னது சரி, அடுத்த ஆட்டத்தில் உங்களைப் பயப்பட வைக்கிறேன் என்று. அடுத்த ஆட்டம் இதுதான்.

முதலில் பயம் எங்கே வந்தது, பெருமைதான் வந்தது. செல்லை எடுத்துக்கொண்டு போய் இயற்பியல் ஜெரோம் சாரிடம் காட்டினேன். "பாருங்க சார், ஜப்பான்லேருந்து பதில் போட்டிருக்கு பொண்ணு." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஏன் சார், நம்ம சிதம்பரநாதன் சாருக்காக அந்தப் புள்ள மண்டைய ஒடச்சுக்கப் போவுதா?" என்று என் பேரையே சொல்லிச் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது சிரிப்பு. அந்தச் சிரிப்பு என் தலையில் போய்ப் படுத்துக்கொண்டது, நாலு நாள் கழித்து எட்டாம் வகுப்பில் முக்கோணம் வரைந்துகொண்டிருக்கும்போது எழுந்தது. கழுத்து முள்ளில் ஏழு எலும்பு. சாக்பீஸ் கையில் நின்றுவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்கலாம், அம்மா, அது மூன்றரைக்கான ஆட்டம், நான் குறைத்துப் போட்டேன் என்று. கொடுத்த மார்க்கைத் திரும்ப எடுத்தால் வாத்தியாருக்கு என்ன மரியாதை என்று இருந்துவிட்டேன். ஐந்து நிமிடம் கடந்தது என்று அங்கே ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொல்கிறாள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்வார்கள், அந்த இரண்டு வார்த்தை மட்டும் எனக்கு ஜப்பானிய மொழியில் தெரியும். இதுவரை மூன்று தடவை விழுந்திருக்கிறாள். மூன்றுக்கும் தாடை உள்ளே. நல்ல பெண். சமத்து. மங்கை கரண்டியோடு வந்து நிற்கிறாள். "என்னங்க, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? சுகர் மாத்திரை போட்டீங்களா இல்லியா?" "போட்டுட்டேன்." "அப்பறம் என்ன? இந்தச் சண்டைக்காரிங்களா?" முந்தாநாள் இவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, இப்ப குடையுது குடையுதுன்னா யாரு என்ன பண்றது? மூடி வச்சுட்டு வந்து சாப்பிடுங்க, நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் அவ விழத்தான் போறா." அப்படியா? நான் பார்க்காவிட்டாலும் விழுவாளா? பார்க்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டுதானே மேடை ஏறியிருக்கிறாள். மூடிவைத்தால் அவள் விழுவது எனக்குத் தெரியாமல் விழுவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓனிசுகா முழங்கையால் நெஞ்சில் அடிக்கிறாள், சத்தம் இங்கே வரை தெறிக்கிறது. எல்லாம் டிராமா சார் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். இரணியன் நாடகத்தில் இரணியன் சாகப்போவது தெரியாதவன் யார்? இருந்தும் நரசிம்மர் வேஷக்காரனை நாலு பேர் இடுப்பில் துணி கட்டிப் பிடித்துக்கொள்கிறார்களே, ஏன்? கை எப்போது வேஷத்தைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவுதான் பேசிவைத்தது, விழுவதைப் பேசிவைக்க முடியாது, தரை தரைதான், மெல்லிய மெத்தைக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் இரும்பு. விழுகிறவள் தன் உடம்பை எதிராளி கையில் ஒப்படைக்கிறாள், எதிராளி அதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருகிறாள், நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் விழுகிறவள் பொறுப்பு. தாடை. ஓனிசுகா பதினெட்டு வருஷ அனுபவசாலி, பத்திரமாகத்தான் போடுவாள், ஆனால் ரிசாகோவே தாடையைத் தூக்கினால் ஓனிசுகா என்ன செய்ய முடியும். பத்து நிமிடம் கடந்தது. ரிசாகோவின் உதடு கிழிந்திருக்கிறது. ஓனிசுகா அவளை மேடைக்கு வெளியே தள்ளுகிறாள், விளிம்பில் வைத்து, ஐயோ, விளிம்பு வேண்டாம், அங்கே மெத்தையே கிடையாது. முதுகு படுகிறது. தாடை உள்ளே. உள்ளேதான் இருந்தது, பார்த்தேன், நிச்சயமாகப் பார்த்தேன். மூச்சை விடுகிறேன். மூச்சு விட்டதும் அடியில் இன்னொன்று, மிகச் சின்னதாக, சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது, இவ்வளவுதானா என்று ஒன்று. யார் நினைத்தது அது? நான்தான். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். மங்கைக்கு ஓனிசுகாவையே தெரியாது.

செண்பகவல்லி என்று ஒரு பெண் படித்தாள், பதினோரு வருஷம் இருக்கும். அரையாண்டில் எழுபத்தெட்டுக்கு எழுதியிருந்தாள், இறுக்கி அறுபத்தொன்று போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெண் சரியாகத் தூங்கவில்லையாம், சாப்பிடவில்லையாம், எனக்கு யார் சொன்னார்கள். திருப்புதல் தேர்வு அன்றைக்குக் காலையில் கேள்வித்தாள் வாங்க எழுந்தவள் அப்படியே சரிந்தாள், பெஞ்சு முனை புருவத்தில் அடித்தது. நாலு தையல். கண்ணுக்கு அரை விரல் மேலே. பொதுத்தேர்வில் தொண்ணூற்றேழு. மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாள். "நீங்க அன்னிக்கு அறுபத்தொண்ணு போடலேன்னா நான் முழிச்சிருக்கவே மாட்டேன் சார்." அதைப் பதினோரு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், புது வாத்தியார்கள் வந்தால் உட்காரவைத்துச் சொல்வேன். தொண்ணூற்றேழை மட்டும் சொல்வேன். புருவத்தைச் சொன்னதில்லை, மறைத்தேன் என்றும் இல்லை, அது நினைவுக்கே வந்ததில்லை. இந்த இருபத்தொரு நாளாகத் தொண்ணூற்றேழு எங்கேயோ போய்விட்டது, புருவம் மட்டும் வருகிறது, தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமல் வெள்ளையாக ஒரு கோடு. அரை விரல் கீழே பட்டிருந்தால்? பட்டிருந்தால் கண். அப்போதும் மைசூர்பாகு கொண்டுவந்திருப்பாளா? கொண்டுவந்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அந்தப் பெண்கள் நம்மைத் திட்டவே மாட்டார்கள்.

பதினைந்து நிமிடம் கடந்தது, இருபது நிமிடம் கடந்தது, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தாடை, தாடை, தாடை, பதினொரு தடவை விழுந்தாள், பதினொரு தடவையும் உள்ளே. ஒருவேளை மறந்துவிட்டாளோ. ஒருவேளை அந்தப் பதில் சும்மா ஒரு மரியாதைக்கு எழுதியதோ, ஜப்பான்காரர்கள் எதற்கும் நன்றி சொல்கிறவர்கள்தானே. அப்படித்தான் இருக்கும். நான் யார், உறையூரில் பனியனோடு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், எனக்காக ஒருத்தி கழுத்தைக் கொடுப்பாளா, என்ன தலைக்கனம் எனக்கு. முதுகு வியர்வை காய்கிறது. "கருவேப்பிலை இல்ல, சும்மா தாளிச்சுடறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது, சரி என்கிறேன். ஓனிசுகா பின்னாலிருந்து ரிசாகோவின் இடுப்பைக் கட்டிப் பிடிக்கிறாள். தூக்கப்போகிறாள், தூக்கித் தலைக்கு மேலாகப் பின்பக்கம் போடுவாள், இது எல்லா ஆட்டத்திலும் வருவதுதான். கேமரா நேர் எதிரே இருக்கிறது. ரிசாகோவின் கால் தரையைவிட்டு எழும்புகிறது, அப்போது அவள் கேமராவைப் பார்க்கிறாள். என்னை. இல்லை, கேமராவைத்தான், கண்ணாடிக் குமிழைத்தான் பார்க்கிறாள், என்னைத்தான். தாடை மேலே போகிறது. தானாகப் போகவில்லை, தூக்குகிறாள், மழைக்கு அண்ணாந்து பார்க்கிற மாதிரி நிதானமாகத் தூக்குகிறாள். நான் "வேண்டாம்மா" என்று கத்திவிட்டேன். பலகைச் சத்தம். எப்போதும் கேட்கிற தட்டையான சத்தம் இல்லை, குட்டையான, நடுவில் அறுந்த சத்தம். பிறகு அவள் அசையவில்லை. நடுவர் எண்ணவில்லை, மண்டியிட்டு அவள் கையைப் பிடிக்கிறார், நினைவு இருந்தால் திருப்பி அழுத்த வேண்டும், அது அவர்கள் வழக்கம். அழுத்து. விரல்கள் விரிந்தபடியே கிடக்கின்றன. அழுத்தும்மா. மங்கை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள், "அய்யோ, யாரு பெத்த புள்ளையோ" என்கிறாள். ஓனிசுகாவின் முகத்தில் வேஷம் கழன்றுவிட்டது, அவள் ஏதோ கேட்கிறாள், அக்கா தங்கையிடம் கேட்பதுபோல. அரங்கத்தில் ஒரு இருமல் கூட இல்லை. பத்து நொடி இருக்கும், பதினைந்து இருக்கும். சுண்டுவிரல் மடங்கியது. பிறகு மோதிரவிரல். பிறகு கை முழுதும் நடுவர் கையைப் பற்றியது, கூட்டம் காலால் தரையை உதைக்கிறது, அவள் புரண்டு குப்புறப் படுத்து ஒரு முழங்காலை மடக்குகிறாள், உயிரோடு இருக்கிறாள், கால் மடங்குகிறது, கால் மடங்கினால் கழுத்து போகவில்லை. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். தலையைத் தூக்கும்போது நோட்டு தெரிந்தது. சிவப்பு மையில் நாலேமுக்கால் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. எப்போது எழுதினேன்? அவள் அசைந்த பிறகு பேனாவை நான் தொடவில்லை. அவள் விரல் விரிந்து கிடந்தபோது எழுதியிருக்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று நிமிடம்தான், ஓனிசுகா இன்னொரு தடவை தூக்காமல் சும்மா மேலே படுத்துத் தோளைத் தரையோடு அழுத்தி, நடுவரை மூன்று எண்ண வைத்து ஆட்டத்தை முடித்துவிட்டாள், புண்ணியவதி. ரிசாகோ தோற்றுப்போய், இரண்டு பேர் தோள் கொடுக்க, கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் வணங்கிவிட்டுப் போனாள். என் இணையப் பக்கத்தில் அதற்குள் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள், எத்தனை நட்சத்திரம், எத்தனை நட்சத்திரம். நாலேமுக்கால் போட்டால் இதுதான் வழி என்று நினைத்துக்கொள்வாள். குறைத்துப் போட்டால் இன்னும் தூக்குவாள். ஒன்றும் போடாமல் விட்டால் நான் பார்க்கவே இல்லை என்று நினைத்து, நான் பார்க்கிறவரை செய்வாள். கணக்கு வாத்தியார் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வருகிறது. தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டேன். மார்க்கே வேண்டாம், உண்மையை எழுதிவிடலாம், அவளுக்கு மட்டும், தனியாக. இத்தனை நாள் தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடிக்கிறேன், இருக்கட்டும், வாலாவது பிடிபடட்டும். எழுதினேன். ரிசாகோ, நான் திருச்சியில் ஒரு வாத்தியார். போன தடவை நான் போட்ட மார்க் பொய். அது மூன்றரைக்கான ஆட்டம், உன்னை முடுக்கிவிடுவதாக நினைத்துக் குறைத்துப் போட்டேன், எங்கள் தொழிலில் அப்படி ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இன்றைக்கு நீ தாடையைத் தூக்கியதைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் எந்த ஆட்டத்துக்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இனிமேல் அப்படிச் செய்யாதே. ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினேன். "சொல்லிட்டீங்கல்ல, இனிமே அந்தப் புள்ள கேட்டுக்கும், வாங்க" என்றாள் மங்கை.

சோறு போட்டாள். சாப்பிட முடிந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் மேஜை போட்டு உட்கார்ந்து தங்கள் படத்தை விற்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அதெல்லாம் முடிந்து டாக்டரைப் பார்த்து அவள் செல்லை எடுக்க ராத்திரி ஆகும் என்று மங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு வருவதற்குள் செல்லில் மணி அடித்தது. முதலில் ஒரு படம், கழுத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, கிழிந்த உதட்டோடு சிரிக்கிறாள், உடை மாற்றும் அறை போலிருக்கிறது, பின்னால் இரண்டு மூன்று பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே நாலைந்து வரி ஜப்பானிய மொழி. இடது கையால் மொழிபெயர்ப்பைத் தட்டினேன், அவள் எழுதியிருந்தது இது. ஆறு வருஷத்தில் முதல் தடவையா, அழுதுகொண்டே படித்தேன், இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், இதற்குமேல் எனக்கு யாரும் மார்க் போட முடியாது. இன்றைக்குக் கடைசி நொடியில் எனக்கும் பயம் வந்து தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள், மன்னிக்கவும். பதினான்காம் தேதி ஒசாகாவில் திருப்ப மாட்டேன். "என்னவாம்?" என்று மங்கை கேட்கிறாள், குழம்புச் சட்டியைக் கையில் பிடித்தபடி. வேண்டாம் என்று தட்டினேன், அழித்தேன். பயமாக இருக்கிறது என்று தட்டினேன், அழித்தேன். நீ தோற்றுவிட்டாய், நன்றாக இல்லை, அழித்தேன், நன்றாக இருந்தது, அழித்தேன். எதை எழுதினாலும் அதை அவள் மார்க்காகத்தான் எடுத்துக்கொள்வாள். கையில் சோறு காய்கிறது. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். பதினான்கு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவுதான்.